பக்கவாத்தியக் குழுவினர்

எங்கள் பல்கலைக்கழக இசைத்துறையின் சாதனைகளைத் தொகுத்துத் தாருங்கள் என்று பீடாதிபதி கேட்டபோது, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வெளியிலிருந்து வரவிருந்தது. அவர்களின் கையில் கொடுக்க வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் வேண்டுமாம். ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் இரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு. "நீங்கதான் மெடம் தமிழ வடிவா எழுதுவீங்க" என்றார். யாராவது புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோகும் ஆள்தான் நானும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமைக்குள் என் அறை நிரம்பிவிட்டது. மேசையில் இடமில்லாமல் கதிரையிலும், கதிரையில் இடமில்லாமல் தரையிலும் கோவைகள். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எனக்குக் குமட்டியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கெட்டுப்போன இறால் பையைத் திறந்தவள்போல முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான் சில தாள்களை வாசித்தேன்.

வாய்ப்பாட்டு கற்பிக்கும் மூத்த விரிவுரையாளர், நாங்கள் எல்லோரும் சேர் என்று அழைப்பவர், 'ஐரோப்பிய அரங்கில் தனிக் கச்சேரி' என்று ஒரு சாதனையைப் போட்டிருந்தார். அத்தாட்சியாக வைத்த படத்தில் அவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் மூன்று தட்டுக் கேக், ரோசாநிறப் பலூன்கள். சுவிஸில் அவருடைய தங்கை மகள் பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்தியச் சடங்கு அது. அதன் வீடியோவை எங்கள் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பியவரும் அவரேதான். இசை நாடகங்களுக்கு இசையமைக்கும் மெடம் 'சர்வதேச ஆய்வரங்குக்குத் தலைமை' என்று எழுதியிருந்தார். அதற்கு அத்தாட்சி கணினித் திரையின் படம். ஒன்பது சதுரங்கள். ஆறில் ஆளில்லை. ஒன்றில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

பொன்னாடைப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து விழாக்களில் கௌரவிக்கப்படுபவர்கள் அதிகம், சால்வைகள் குறைவு. மேடையில் ஒருவருக்குப் போர்த்தி, அவர் பின்பக்கப் படியால் இறங்கும்போது கழற்றி வாங்கி, மடித்து, தட்டில் வைத்து, அடுத்தவருக்கு அனுப்புவோம். இது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். நான்கு சாதனையாளர்களின் கோவைகளில் ஒரே பச்சைச் சால்வையைக் கண்டேன். ஓரத்தில் தேத்தண்ணிக் கறை இருந்தபடியால் அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது. நான்கு பேரும் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு விருது என்று எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய அசிங்கம். சிரிக்க முடியாத ஒன்று அந்தக் கோவைகளுக்குள் இருந்தது. எனக்கு அது பல வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் அதை அசிங்கம் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு என்பது புள்ளி. ஆய்வுக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி, ஆக்க இசைக்கு இத்தனை, மேடைக் கச்சேரிக்கு இத்தனை. ஒரு ஆக்கத்தில் எத்தனை பேரின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அத்தனை பேருக்கும் புள்ளி பங்கிடப்படும். கட்டுரை எழுதுபவர்களுக்காக வந்த விதி அது. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்குப் பாதி, நியாயம்தான். அதை அப்படியே தூக்கிக் கச்சேரிக்கும் போட்டுவிட்டார்கள். கச்சேரியில் பாடுபவர் ஒருவர், வயலின் ஒருவர், மிருதங்கம் ஒருவர், தம்புரா ஒருவர். நான்கு பெயரும் அச்சில் வந்தால் பாடுபவருக்குக் கால்வாசிதான் கிடைக்கும்.

அந்த விதி வந்த நாளிலிருந்து எங்கள் நிகழ்ச்சித் தாள்களில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் காணாமல் போயின. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவர் செய்தார், மற்றவர் பார்த்தார், எல்லோரும் செய்தோம். பாடுபவரின் பெயர் தடித்த எழுத்தில் வரும். கீழே சின்னதாக 'பக்கவாத்தியக் குழுவினர்' என்று ஒரு வரி. மேடையில் மட்டும் பழைய மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. பாதிக் கச்சேரியில் நிறுத்தி, ஒலிவாங்கியை இழுத்து, வயலின் வாசிப்பவர் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று பெயர் சொல்லிக் கைதட்ட வைப்போம். வாயால் சொன்ன பெயருக்குப் புள்ளி வெட்டுப்படாது.

அந்தக் கோவைகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வயலின் போதனாசிரியை வந்தாள். போதனாசிரியை என்றால் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் கடிதம் புதுப்பித்துக் கொடுப்பார்கள். அப்படி எட்டு வருடம். அதற்கு முன் நான்கு வருடம் என்னிடம் படித்தவள். செட்டிபாளையத்திலிருந்து இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கல்முனை வீதியில் பஸ்ஸைப் பிடித்து, வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். எங்கள் துறையில் யார் பாடினாலும் பக்கத்தில் அவள்தான் இருப்பாள். அவளைப்போலக் கேட்டுக் கேட்டு வாசிக்கிற காது இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை. இதையும் நான் மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"மிஸ், நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் போட்டிருக்காங்க, கண்டீங்களா?" என்றாள். இன்னமும் என்னை மிஸ் என்றுதான் அழைப்பாள்.

கண்டிருந்தேன். வயலின் போதனாசிரியர், நிரந்தரம், ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி.

"பொதுமேடையில வாசிச்சதுக்கு அஞ்சு அத்தாட்சி கேட்டிருக்காங்க. பேர் அச்சடிச்ச தாளா இரிக்கணுமாம். என்னட்ட ஒண்டுமில்ல மிஸ். வாசிச்சு முடிஞ்சா பஸ்ஸுக்கு ஓடுறதோட சரி. உங்களிட்டத்தான் இப்ப எல்லாத் தாளும் இரிக்காமே."

"அஞ்சென்ன புள்ள, அம்பது எடுக்கலாம். இரிங்க" என்றேன். அந்த நிமிடத்தில் அந்த ஒற்றை வரி எனக்கு நினைவுக்கே வரவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். நான்கு காட்போட் பெட்டி நிறைய நிகழ்ச்சித் தாள்கள். மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க மேலே என் செருப்பை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து அவள் திகதியை வாசித்தாள். எந்த மண்டபம், எந்த இராகத்தை விரித்துப் பாடினோம், அன்று மின்சாரம் போனதா, மழை பெய்ததா, எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. வாகரையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அவளுடைய மேல்தந்தி அறுந்து, மூன்று தந்தியோடு கடைசிவரை வாசித்தாள். அந்தத் தாளையும் கண்டெடுத்தோம். பக்கவாத்தியக் குழுவினர். அடுத்தது, பக்கவாத்தியக் குழுவினர். அதற்கடுத்தது இன்னும் மோசம். 'வயலின்: இசைத்துறை மாணவர்.' அந்த வருடம் அவள் அந்த மாணவர்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள்.

மூன்றாவது பெட்டிக்கு வரும்போது அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நான்தான் விடாமல் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் பெயர் இரண்டே இரண்டு தாள்களில் இருந்தது. இரண்டும் கண்ணகி அம்மன் கோயில்காரர் வைகாசிச் சடங்குக்கு அடித்த துண்டுப்பிரசுரங்கள். மேளக்காரர், உடுக்குக்காரர், ஒலிபெருக்கி கொடுத்தவர் என்று எல்லோரின் பெயரும் ஊரும் வரிசையாகப் போட்டு, நடுவில் அவள் பெயரையும் போட்டிருந்தார்கள். கோயில்காரருக்குப் பதவி உயர்வு தேவையில்லை. ஆனால் அந்தத் தாள்கள் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் நடத்தியதாக இருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் கிடந்தது.

அவள் தாள்களை அடுக்கித் தட்டி ஒழுங்காக்கினாள். பிறகு சிரித்தாள். "அப்ப நான் ஒரு இடத்திலயும் இருக்கல்ல போல, என்ன மிஸ்?"

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து நிர்வாகக் கட்டடத்துக்கு நடந்தேன். அங்கிருந்த எழுதுவினைஞர் நல்ல மனிதர். விதிக் கோவையைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி சொன்னார். அச்சுத் தாள் இல்லாவிட்டால், அந்தக் கச்சேரியின் பிரதான கலைஞர், இன்ன திகதியில் இன்ன மண்டபத்தில் இவர் எனக்கு வயலின் வாசித்தார் என்று கடிதத் தலைப்பில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் போதும். அப்படி ஐந்து கடிதம். திரும்பி வந்து சொன்னபோது அவள் முகம் தெளிந்தது. அடுத்த பங்குனியோடு அவளுக்கு வயதெல்லை முடிகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னாள். இந்த இடம் தவறினால் பிறகு இடமே இல்லை.

"நான் கேட்டு வாங்கித் தாறன். நீங்க வெள்ளிக்கிழமை காலமை வந்து எடுங்க" என்றேன். கேட்பதற்கு அவள் கூச்சப்படுவாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு யாரிடமும் எதற்கும் கூச்சம் கிடையாது.

புதன்கிழமை சேரிடம் போனேன். அவர் தன் அறையில் தயிரும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டார்.

"எழுதுறதில எனக்கொண்டுமில்ல. ஆனா அந்தக் கச்சேரியெல்லாம் தனி எண்டு காட்டித்தானே புள்ளி எடுத்தனான். இப்ப இன்னொராள் இருந்ததெண்டு நானே கையெழுத்து வச்சுக் குடுத்தா, நாளைக்கு ஆரும் அதத் தூக்கிப் பிடிச்சா என்ன செய்யுற?"

"இன்னொராள் இருந்ததுதானே சேர்?"

"இருந்தா. ஆர் இல்லெண்ட? நான் மேடையில பேர் சொல்லாம விட்ட நாளிருக்கா? நீங்களே சொல்லுங்க."

இல்லைதான். அந்த விஷயத்தில் அவர் மிகவும் சரியானவர். திரும்பவும் கரண்டியை எடுத்துத் தயிரை வழித்தார்.

இசை நாடக மெடம் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன குறை? வருசா வருசம் புதுப்பிச்சுக் குடுக்கிறம்தானே" என்றார். பிறகு குரலைத் தணித்து, ஏதோ எனக்கு நல்லது சொல்பவர்போல, "நிரந்தரமாக்கினா மறுகா நாம கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வருவாவோ? யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எட்டு வருடமாக அவளைக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வரவழைத்தது அந்தத் தற்காலிகக் கடிதம் என்பதை இத்தனை பச்சையாக அதுவரை யாரும் சொன்னதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் ஒத்திகைக்கு வந்திருக்கிறாள். மாமனார் இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவு வீட்டிலிருந்து நேரே மேடைக்கு வந்திருக்கிறாள். எங்கள் மேல் உள்ள அன்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருவரிடம் கேட்டேன். ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மற்றவர் அழகான வார்த்தைகளில் மறுத்தார்.

வியாழன் பின்னேரம் கல்லடிப் பாலத்தால் வீட்டுக்குப் போகும்போது வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன். இவர்களெல்லாம் இசைக்காரரா? தம்புராவுக்கு முன்னால் உட்கார இவர்களுக்கு என்ன தகுதி? வாவியில் தோணி தள்ளுகிறவர்கூட தன் தோணியில் வலை இழுத்தவனை ஆளில்லை என்று சொல்லமாட்டார். இப்படியெல்லாம் பொருமினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று பின்னேரம் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அத்தனை அழுக்குக்கு நடுவில் நான் ஒருத்தி சுத்தம் என்ற சுகம்.

வீட்டுக்குப் போனதும் என்னுடைய கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான் ஒருத்தியே ஐந்து கச்சேரிக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது அப்போதுதான் தோன்றியது. மற்றவர்கள் எதற்கு? எனக்கே அவள் முப்பது நாற்பது மேடையில் வாசித்திருப்பாள். திகதிகளைச் சரியாகப் போட வேண்டுமே என்று என் சொந்தப் பதவி உயர்வுக் கோவையை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அப்போது என் பேராசிரியர் விண்ணப்பம் மேலிடத்தில் இருந்தது. அதன் பிரதி அந்தக் கோவை.

முதல் தாளில் என் கையெழுத்து. 'இங்கு குறிப்பிடப்படும் ஆக்கங்கள் யாவும் எனது தனி முயற்சியால் ஆனவை என உறுதிப்படுத்துகிறேன்.' அதைக் கண்டு நான் திடுக்கிடவில்லை. எல்லோரும் வைக்கிற கையெழுத்துதானே என்று தாண்டிப் போனேன். அடுத்து, வாவியைப் பற்றி நான் இயற்றி மெட்டமைத்த ஏழு பாடல்களின் கச்சேரி. என் விண்ணப்பத்தின் முதுகெலும்பு அதுதான். அதற்கு வெளி மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதிய அறிக்கையும் பின்னால் கிடந்தது. என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அது. ஆளில்லாத நேரத்தில் பலமுறை எடுத்து வாசித்திருக்கிறேன்.

'குறிப்பாக, மூன்றாம் பாடலுக்கு முன்னால் வரும் வயலின் பகுதி இவ்வாக்குநரின் கற்பனை வளத்துக்குச் சிறந்த சான்று.'

அந்தப் பகுதி எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒத்திகையின்போது இரண்டாம் பாட்டு முடிந்து நான் தேத்தண்ணி குடிக்க எழுந்தேன். அவள் தந்தியைச் சரிபார்க்கிற சாக்கில் ஏதோ இழுத்தாள். சித்திரை மாதத்துக் காண்டாவன வெயிலில் வாவிக்கு மேல் காற்று நின்றுபோய்க் கிடந்து, பிறகு லேசாக அசையுமே, அப்படி ஒரு இழுப்பு. நான் கோப்பையோடு நின்றுவிட்டேன். "அதென்ன புள்ள, திரும்ப ஒருக்கா வாசிங்க" என்றேன். வாசித்தாள். தொலைபேசியில் பதிந்தேன். வீட்டில் போய்ச் சுரப்படுத்தினேன். அடுத்த ஒத்திகைக்கு என் கையெழுத்தில் எழுதிய சுரத்தாளை அவளிடமே கொடுத்தேன். அவள் அதைப் பார்த்து, "வடிவா எழுதியிருக்கீங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. எழுதியது நானாகையால் ஆக்கியதும் நான் என்று எப்போது முடிவு செய்தேன் என்று எனக்கே தெரியாது.

கடிதத் தலைப்பை மேசையில் வைத்தேன். 'எனது வாவிப் பாடல்கள் கச்சேரியில் இவர் வயலின் வாசித்தார்' என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை யாராவது என் விண்ணப்பத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது. வேறு கச்சேரிகளை எழுதலாமே என்று தேடினேன். எதை எடுத்தாலும் அது என் கோவையில் தனி என்று ஏறியிருந்தது. ஒன்றைக்கூட நான் விட்டுவைத்திருக்கவில்லை. சேரின் கோவையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டவளின் கோவை இது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எட்டு மணிக்கே வந்து என் அறை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தரவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர்கள் மேல் வந்த கோபத்தை நன்றாகக் காட்டினேன். பிறகு என்னுடைய கடிதத்தைக் கொடுத்தேன். கடிதத் தலைப்பு, முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அவள் அங்கேயே விரித்து வாசித்தாள். இவரைப் பன்னிரண்டு வருடங்களாக அறிவேன். நல்லொழுக்கம் மிக்கவர். கடின உழைப்பாளி. நேரந்தவறாதவர். பெரியோரை மதிப்பவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.

வயலின் என்ற சொல்லே அதில் இல்லை. வாசித்ததற்கு அத்தாட்சி கேட்டு வந்தவளுக்கு நான் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தேன். கிராம சேவகரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற கடிதம்.

அவள் இரண்டாம் தடவையும் வாசித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தபோது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "நன்றி மிஸ்" என்று சொல்லி, கடிதத்தைக் கசங்காமல் மடித்து, வயலின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் உடனே கழுவுதொட்டிக்குப் போய் முகம் கழுவினேன். வாந்தி வருமென்று நினைத்தேன், வரவில்லை. ஒரு வாந்திக்குக்கூட உண்மை என்னிடம் இல்லை போலும்.

அவளை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் நியமனமானார். அவரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கனத்த கோவை, ஒழுங்கான அத்தாட்சிகள். நிரந்தர ஆள் வந்தபடியால் தற்காலிகக் கடிதம் அத்தோடு நின்றது. கடைசி நாளில் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். இசை நாடக மெடம் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார்.

சாதனைப் புத்தகம் அழகாக அச்சாகி வந்தது. மதிப்பீட்டுக் குழுவினர் அதைப் புரட்டிப் பார்த்து மெச்சினார்கள். எழுதியவள் என்று என்னையும் மெச்சினார்கள். அடுத்த வருடம் நான் பேராசிரியரானேன்.

துறையில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். வாசலில் என் முகத்தை வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிதாக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். வாவிப் பாடல்களையே பாட வேண்டும் என்று பீடாதிபதிக்கு ஆசை. ஒத்திகையில் புதிய போதனாசிரியர் மிகப் பணிவாக, "மெடம், ராக ஆலாபனைக்கு நோட்டேசன் இருந்தா தாங்களேன், பாத்து வாசிக்கிறன்" என்றார். அந்தந்த நிமிடத்தில் பிறக்கிற ஆலாபனைக்கு நோட்டேசன் கேட்பவரோடு நான் எந்த மேடையில் உட்காருவது? இரண்டாம் ஒத்திகைக்குப் பிறகு சேர்தான் சொன்னார், "அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க" என்று. கூப்பிட்டோம். வந்தாள்.

அவள் ஏன் வந்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அதே பெட்டி, அதே கல்முனை வீதி பஸ். மெலிந்திருந்தாள். சம்மணமிட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் இளகிப்போனது. நான் போகிற இடமெல்லாம் ஒரு மூச்சு பின்னால் வந்தாள். மூன்றாம் பாடலுக்கு முன் அந்தப் பகுதியை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். மண்டபம் அசையாமல் இருந்தது. முடிந்ததும் பீடாதிபதி முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கைதட்டினார். நான் கைகூப்பினேன்.

பிறகு வழக்கம்போல ஒலிவாங்கியை இழுத்து அவளை அறிமுகம் செய்தேன். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். இந்தக் காதுக்கு நிகர் இல்லை என்றேன். குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று நினைக்க வேண்டாம், உண்மையாகவே தழுதழுத்தது. எல்லோரும் நன்றாகக் கைதட்டினார்கள்.

விழா முடிந்து எனக்குப் போர்த்திய சால்வையோடு நான் படமெடுக்க நின்றுகொண்டிருந்தேன். அவள் பெட்டியைப் பூட்டி எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கையில் அன்றைய நிகழ்ச்சித் தாள் இருந்தது. அதில் பாட்டுக்குக் கீழே வழமையான அந்த ஒற்றை வரி.

"மிஸ், களுவாஞ்சிக்குடியில ஒரு நடனப் பள்ளிக்கூடத்தில வயலின் வாசிக்க ஆள் எடுக்கிறாங்க. கிழமைக்கு ரெண்டு நாள்தான். இதில பேனையாலயாவது என்ட பேர எழுதி ஒரு கையெழுத்து வச்சுத் தாங்களேன்."

பேனையை எடுத்தேன். இனிமேல் எனக்கு ஏறவேண்டிய படி எதுவும் இல்லை, வெட்டுப்பட எந்தப் புள்ளியும் இல்லை. அந்த வரியைக் குறுக்கே வெட்டிவிட்டு அவள் முழுப் பெயரை எழுதினேன். வயலின் என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்து, பேராசிரியர் என்றும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் மை காயட்டும் என்று தாளைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப எழுத ஏலும், என்ன மிஸ்?" என்றாள்.

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள். படமெடுப்பவர் என்னைச் சிரிக்கச் சொன்னார். நான் "ஓம்" என்றேன். அவள் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.